சட்டைப் பையில் இருந்த தாயத்துக் கூடு

சுண்டு விரலில் பாதி நீளம்தான் இருக்கும். வெள்ளி. ஒரு முனையில் மூடி, திருகித் திறக்கலாம். மேலே கயிறு கோக்க இரண்டு வளையம். எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் தொங்குமே, அந்தத் தாயத்துக் கூடு. பிள்ளையின் தொப்புள் கொடி காய்ந்து விழுந்ததும் அதை உள்ளே வைத்து மூடி இடுப்பில் கட்டிவிடுவார்கள். என்னிடம் இருந்த கூட்டில் எதுவும் இல்லை. வேறொரு பிள்ளைக்காக வாங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் என் தகரப் பெட்டியின் அடியில், பழைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்த காகிதத்தில் கிடந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராக ஏறி டிரைவராகி, பிறகு குவைத்துக்குப் போனேன். ஈராக்கில் சண்டை தொடங்கிய மறு வருஷம் அது. அமெரிக்க ராணுவ வண்டிகள் வரிசையாக வடக்கே போகும். நாங்கள் ஓரம் கட்டி நிற்போம். ஃபஹாஹீல் கடைத்தெருவுக்குச் சற்று தள்ளி ஓர் அரபி வீட்டில் எனக்கு வீட்டு டிரைவர் வேலை. கேட்டை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்து எதற்கும் கையெழுத்துப் போடுகிற முதலாளி; பிறகு அவர் மனைவி, கஃபீலின் தாயார். மனைவியைச் சின்ன மேடம் என்றும் தாயாரைப் பெரிய மேடம் என்றும் நாங்களாகப் பேர் வைத்திருந்தோம். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நோன்பு மாதத்தில் அவர்கள் தின்பதுதான் எனக்கும் வரும்.

நான் அக்கா என்று கூப்பிட்டவள் அந்த வீட்டுக்குச் சமையலுக்கும் துப்புரவுக்கும் வந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எனக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் குவைத்தில் வைத்துப் பார்த்தால் பக்கத்து வீடு மாதிரிதான். அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். அரபி பத்து வார்த்தை தெரியும். யல்லா, மோயா, கலாஸ், அப்படி. மற்றதைக் கையால் பேசிக்கொள்வாள். சாமான் வாங்கப் போகும்போது பின் சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வருவாள். நான் ‘ம்’ கொட்டுவேன். ஒருநாள் சொன்னாள்: “ஒன் வாயில இருந்து ஒரு வார்த்த வாங்கணும்னா கஃபீல் கையெழுத்து வேணும் போலுக்கே தம்பி.” எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கும் கையெழுத்து வாங்கிவிட்டேனா என்று கேட்டாள்.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம் பார்த்துவிட்டு, புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். அதிலிருந்து ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இவளைக் கூப்பிட மாட்டார்களாம். இவளாகப் போனாலும் தொட்டிலை முந்தானையால் மூடுவார்களாம். இதையெல்லாம் வெங்காய விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

சின்ன மேடத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மேடத்துக்கு உடம்பு தேறவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே பெரிய மேடம் பிள்ளையைத் தூக்கி அக்கா கையில் வைத்தார். வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். அக்கா முதலில் கையை நீட்டவில்லை. முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு பிறகுதான் வாங்கினாள். அந்த வாரம் காரில் வரும்போது சொன்னாள்: “பெறந்த புள்ளய எங்கையில தந்தது இவ்வோதான் தம்பி. இத்தன வயசுக்கு இதான் மொதத் தடவ.”

நான் லீவில் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. பிள்ளைக்கு டயப்பர் வாங்கப் போனோம். அக்கா முன்னால் சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

“நேத்து குளிப்பாட்டயில புள்ள கொடி விழுந்துட்டு. இவ்வோளுக்கு இதெல்லாம் தெரியாது போல. அந்த டயப்பரோட சுருட்டிக் குப்பையில போட்டிருப்பாவ. நான் மஞ்சத் தடவி எடுத்து வச்சிருக்கேன். ஊர்ல இருந்து வரும்போ வெள்ளியில ஒரு கூடு வாங்கிட்டு வாறியா?”

“சரிக்கா.”

“பெரிய மேடத்துட்ட நீதான் எடுத்துச் சொல்லணும். ஒனக்குத்தான் அரபி வருது. கட்டிவிட்டாப் புள்ளைக்கு ஒரு காத்து கருப்பு அண்டாது.”

அதற்கும் சரி என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அதில் மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கொடியைப் பெரிய மேடமும் தேடுவார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்த கொடியைப் பள்ளிவாசல் ஓரம் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பிள்ளை மார்க்கப் பற்றோடு வளரும் என்று நம்பிக்கை. பெரிய மேடம் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார். நான் ஊரில் இருந்த மாதம் அவர் கொடியைக் கேட்டிருக்கிறார். டயப்பரோடு போயிருக்கும் என்று சின்ன மேடம் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கும் மருமகளுக்கும் அதில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அக்காவை யாரும் கேட்கவில்லை. வேலைக்காரியிடம் கேட்கிற விஷயமாக அவர்களுக்குப் படவில்லை. இவளாகச் சொல்லவும் இவளுக்கு அரபி இல்லை. நான் வந்து சொல்லட்டும் என்று இருந்தாள்.

அந்த மாதத்தில்தான் சின்ன மேடத்துக்குப் பால் வற்றியது. பிள்ளை விடாமல் அழுதது. எத்தனையோ தாய்க்கு நடப்பதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பிள்ளை ஏன் வேலைக்காரி கையில் மட்டும் அழுகையை நிறுத்துகிறது என்று கேட்டுவிட்டாள். நான் லீவு முடிந்து வந்த மறுநாளே அக்காவின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

கூடு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. சாயங்காலம் குப்பை போட அவள் கேட்டுக்கு வருவாள், அப்போது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கஃபீல் போன் பண்ணி உள்ளே வரச் சொன்னார். போனேன். ஹாலில் எல்லோரும் நின்றார்கள். ஓதிப் பார்க்கிற தாடிக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். தரையில் ஒரு வெள்ளைத் துணி. துணி நடுவில் மஞ்சள் பூசிய சுருங்கின கொடி, கொஞ்சம் அரிசி. துணியைக் கட்டியிருந்த நூல் தனியாகக் கிடந்தது. அந்த நூலில் மூன்று முடிச்சு.

சுவரோரம் அக்கா நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. பெரிய மேடம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். கோபத்தில் இல்லை. பயத்தில். அதை நான் அப்போதே பார்த்தேன். பேரப்பிள்ளையின் உடம்பில் இருந்து விழுந்ததை ஒருத்தி முடிச்சுப் போட்டுப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் அவர்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிஹர். நம்மூரில் செய்வினை. நூலில் முடிச்சுப் போட்டு ஊதித்தான் அதை வைப்பார்களாம்.

தாடிக்காரர் நூலைத் தொடாமல் காட்டிக் கேட்டார், நான் மாற்றிச் சொன்னேன்.

“முடிச்சு ஏன் போட்டியன்னு கேக்காங்கக்கா. ஊதி ஊதிப் போட்டியான்னு கேக்காங்க.”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு போட்டேன். எங்கம்மா அப்படித்தான் போடுவா. புள்ளைக்கு நல்லதுக்குன்னு சொல்லு.”

சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, இது எடுபடாது என்று. முடிச்சுப் போட்டதும் உண்மை, போடும்போது எதையோ ஓதியதும் உண்மை என்று ஆகிவிட்டது. தாடிக்காரர் கஃபீலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவர்கள் இப்படி வைத்திருந்து பிள்ளையின் இடுப்பில் கட்டுவார்கள் என்று நான் என் வார்த்தையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். கஃபீல் கேட்டார்: “கட்டுவதென்றால் ஒரு மாதமாக ஏன் கட்டவில்லை? எதில் வைத்துக் கட்டுவாள்? அது எங்கே?”

அது என் பையில் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: “இது வேறு யாருக்குத் தெரியும்?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. உள்ளே இருந்தது வெளியே புடைத்துத் தெரிந்ததோ என்னவோ. ஒரு நொடிதான்.

“யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு தம்பி.”

நான் அதை அப்படியே அரபியில் சொன்னேன்.

ஏன் எடுத்துக் காட்டவில்லை என்று என்னை நானே நிறையக் கேட்டிருக்கிறேன். தாயத்தே அவர்களுக்கு ஆகாத பொருள், காட்டியிருந்தால் அவளுக்குத்தான் இன்னும் கேடு என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அது பொய்யில்லை. என் வேலை போயிருக்கும், நானும் உள்ளே போயிருப்பேன், ஊரில் இரண்டு வயது மகள் இருந்தாள் என்று இன்னொரு பதில். அதுவும் பொய்யில்லை. மூன்றாவது ஒன்று உண்டு. எங்கள் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. பிள்ளையில்லாதவள் இன்னொருத்தி பிள்ளையின் கொடியை விழுங்கினால் வயிறு திறக்கும் என்பார்கள். பிரசவ வீடுகளில் கொடியை அதனால்தான் பூட்டி வைப்பார்கள். அந்த ஹாலில் நிற்கும்போது அது என் மனசில் ஓடியது. ஒருவேளை அதற்காகத்தான் எடுத்தாளோ என்று நானும் நினைத்தேன். அரபிக்காரர்கள் ஒரு விதமாகச் சந்தேகப்பட்டார்கள். நான் என் ஊர் விதமாகச் சந்தேகப்பட்டேன். தின்பதற்கு எடுத்தவள் எதற்கு என்னிடம் கூடு வாங்கி வரச் சொல்ல வேண்டும்? இந்தச் சின்ன யோசனை அன்று வரவில்லை. போலீஸ் வண்டி அவளை ஏற்றிப் போன பிறகு, ரூமில் சட்டையைக் கழற்றும்போது வந்தது.

மறுநாள் பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டார். ஓதிய தண்ணீரில் கொடியைக் கழுவி வைத்திருந்தார்கள். பள்ளிவாசலுக்கு வண்டியை விடச் சொன்னார். சுவரோரம் மண்வெட்டியால் நான்தான் குழி தோண்டினேன். அவர் குனிந்து வைத்தார். நான் மூடினேன். திரும்பி வரும்போது அவர் காரில் அழுதார். “அவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?” என்று என்னிடம் கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். காரில் அவரும் நானும்தான். நான் வண்டி ஓட்டினேன்.

மூன்று வாரத்துக்கு மேல் அக்கா ஸ்டேஷனில் இருந்தாள். கடைசியில் கஃபீல் கேஸ் வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கும் அலைச்சல் போதும் என்று ஆகியிருந்தது. விரல் ரேகை எடுத்து, இனி இந்த நாட்டுக்கு வர முடியாது என்று பதிந்து அனுப்பினார்கள். அவள் பெட்டியை ஏர்போர்ட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் கஃபீல். கூட வந்த போலீஸ்காரன் நல்லவன். ஒரு கோலா வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

அக்கா அதே உடுப்பில் இருந்தாள். மெலிந்திருந்தாள்.

“புள்ள எப்படி இருக்கான்?”

“பவுடர் பால் குடுக்காவ. அழுகை கொறஞ்சிருக்கு.”

“அந்தக் கொடிய என்ன செஞ்சாவ?”

“பள்ளிவாசல் செவரோரம் பொதச்சிட்டாவ. இவ்வோ வழக்கமாம்.”

“அப்பம் அவ்வோளும் அதத்தான் தேடியிருக்காவ, என்ன? கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பேனே.”

போலீஸ்காரன் கையைத் தட்டிக் கூப்பிட்டான். அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“நல்ல வேளை தம்பி, நீ வாயத் தொறக்கல. நீயாவது பொழச்ச.”

குத்திக் காட்டுகிற ஆளாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மனசாரத்தான் சொன்னாள்.

இத்தோடு முடிந்திருந்தால் அவள் கதை குவைத்திலேயே நின்றிருக்கும். கேஸ் இல்லை, காகிதம் இல்லை. வேலை பிடிக்காமல் வந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மங்காஃபில் நம்மூர் ஆட்கள் ரூமுக்குப் போனேன். எட்டுப் பேர் இருக்கிற ரூம். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“ஏல, ஒங்க அரபி வீட்டுல போலீசு வந்துச்சாம்லா? என்னல விசயம்?”

“இவன்ட்டயா கேக்க? இவன் வாயத் தொறந்து அஞ்சாறு வெள்ளிக்கிழம ஆச்சு.”

சிரித்தார்கள். நான் எப்போதும் பேசாதவன். அன்றைக்கு எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். “பச்சப் புள்ள கொடிய முடிச்சுப் போட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாளாம். தாய்க்குப் பாலே வத்திப்போச்சாம்.” இப்படி ‘ஆம்’ போட்டுச் சொன்னேன், நான் அந்த இடத்திலேயே இல்லாதவன் மாதிரி. கூடு பற்றிச் சொல்லவில்லை. கரண்டி பிடித்துக்கொண்டிருந்தவன் அக்காவின் கடற்கரையைச் சேர்ந்தவன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த லீவில் கூட்டை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். அவளிடம் கொடுத்துவிடலாம் என்று. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை. வீடு எது என்று அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

“யாரு, கொவைத்துல செய்வினை வச்சுப் பிடிபட்டாளே, அவளா? கடேசி வீடு. நீரு யாரு, சொந்தமா? பச்சப் புள்ள கொடிய முடிச்சுப் போட்டு வச்சிருந்தாளாம்யா. தாய்க்குப் பாலே வத்திப்போச்சாம்.”

அப்படியே என் வார்த்தை. ‘ஆம்’ உட்பட. டீயைக் குடித்து முடித்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

பிறகு நான் குவைத்தை விட்டு வந்து, ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டி, இப்போது அதையும் விட்டாயிற்று. அன்று இரண்டு வயதாக இருந்த மகளுக்குப் போன மாதம் பெண் பிள்ளை பிறந்தது. பத்தாம் நாள் கொடி விழுந்தது. “ஒரு கூடு வாங்கணும்லா” என்றாள் என் வீட்டுக்காரி. நான் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தேன். ஏது என்று கேட்டாள். அதை வாங்கி வந்ததில் இருந்து டீக்கடை வரைக்கும் சொன்னேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். எல்லாம் கேட்டுவிட்டு, “இப்பம் என்ன செய்யணும்ங்கிய?” என்றாள்.

“அந்த அக்காவ வச்சுக் கட்டணும்.”

“புள்ள இல்லாதவ கையால...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மகள்தான் சொன்னாள்: “போவோம்ப்பா. எம்புள்ளதான, நான் சொல்லுதேன்.”

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமை போனோம். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. பிள்ளையோடு கடைசி வீட்டுப் பக்கம் நடந்ததைக் கண்டு இரண்டு மூன்று பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். அக்கா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.

“வாயில்லாத டிரைவரால்லா வாறது?”

கூட்டை எடுத்து நீட்டினேன். “அன்னைக்கு இது எம் பையிலதான் இருந்துச்சுக்கா.”

“தெரியும்லா.”

“அந்தக் கதய ஒங்க ஊருக்கு அனுப்புனதும் நான்தான். மங்காஃப் ரூம்ல நான்தான் சொன்னேன்.”

அவள் கையில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டாள். இன்னொன்றையும் திருப்பிப் போட்டாள்.

“அது எனக்குத் தெரியாது,” என்றாள்.

என் மகள் போய் அவள் பக்கத்தில் நின்றாள். “பெரியம்மா, ஒங்க கையால கட்டிவிடணும். அதுக்குத்தான் வந்தோம்.” அக்கா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களையும் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். வர வெகு நேரமாயிற்று. வர மாட்டாள் என்றே நினைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கொடியைக் கூட்டுக்குள் வைத்து மூடியைத் திருகினாள். கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி எடுத்தாள். ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டாவது போட்டாள். பிறகு நிறுத்திவிட்டு, வேலிப் பக்கம் கேட்கிற மாதிரி மகளிடம் கேட்டாள்.

“மூணாவதும் போடட்டா?”

“போடுங்க பெரியம்மா.”

போட்டாள். போடும்போது உதடு அசைந்தது. மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட விட, வயிற்றோடு சேர்ந்து கூடும் ஏறி இறங்கியது.